பிள்ளைக்கு நோய்னு சொல்றவங்க மேலயே சந்தேகம் வந்தா என்ன பண்றது

குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்தப்போ ஏழெட்டு வயசுப் பையன் ஒருத்தன் ஃபிட்ஸ்னு அட்மிட் ஆனான். மூணு நாள் சார்ட்ல வரிசையா எழுதியிருக்கு, காலைல ஆறு மணிக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ரெண்டுன்னு. மருந்து டோஸ் கூட ஏத்தியாச்சு. நாலாவது நாள் ரவுண்ட்ஸுக்கு முன்னாடி சீனியர் சிஸ்டர் அந்த சார்ட்டைக் கொண்டுவந்து என் முன்னாடி வெச்சு, "இதுல நீ கண்ணால பாத்தது எது?"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. எனக்கு முந்தின ஷிஃப்ட்ல இருந்தவளும் பாக்கல. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா ஓடி வந்து "இப்பதான் வந்து நின்னுச்சு சிஸ்டர்"னு சொல்லியிருக்காங்க, நாங்களும் நேர்ல நின்னு பாத்த மாதிரியே எழுதி வெச்சிருக்கோம்.

பாத்தது எது, சொன்னது எது. கீழ நான் சொல்லப்போறது எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுத்தித்தான். நீங்க அந்தப் பிள்ளைக்கு அத்தையோ சித்தியோ தாத்தாவோ இருக்கலாம், க்ளாஸ் டீச்சரா இருக்கலாம், என்னை மாதிரி ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்களா இருக்கலாம், இல்ல அப்பாவாவே இருக்கலாம், ஏதோ சரியில்லன்னு தோணுது ஆனா வாய்விட்டுச் சொல்ல முடியல, ராத்திரி பகலா பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருக்கிறவளைப் போய், இல்லாத நோயை இருக்குன்னு சொல்றாளோ, இவளே உண்டாக்குறாளோன்னு நினைக்கிறோமேன்னு நம்ம மேலயே நமக்கு அசிங்கமா இருக்கும். அந்த அசிங்கம் எல்லாருக்கும் வரும். அதனாலதான் இது வெளிய வர இவ்ளோ நாள் ஆகுது.

முதல்ல இது என்னன்னு சுருக்கமா பாத்துருவோம். தனக்கே நோய் இருக்குன்னு நடிச்சு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறவங்களைப் பத்தி ரிச்சர்ட் ஆஷர்ங்கிற டாக்டர் 1951ல எழுதினாரு, புளுகுக்குப் பேர்போன ஒரு பாரன் பேரை எடுத்து முன்சாசன் சிண்ட்ரோம்னு அதுக்குப் பேர் வெச்சாரு. 1977ல இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல இருந்த குழந்தைகள் டாக்டர் ராய் மெடோ, தன் உடம்புக்குப் பதிலா பிள்ளை உடம்பை வெச்சு இதையே பண்ற ரெண்டு அம்மாக்களைப் பத்தி லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல எழுதினாரு, அதுக்கு வந்த பேர்தான் முன்சாசன் சிண்ட்ரோம் பை ப்ராக்ஸி. இன்னைக்கு மனநோய்களை வகைப்படுத்துற டிஎஸ்எம்-5 புத்தகத்துல இதோட பேர் ஃபேக்டிஷியஸ் டிஸார்டர் இம்போஸ்ட் ஆன் அனதர், அதாவது இன்னொருத்தர் மேல சுமத்துற பொய் நோய். இங்க ஒண்ணைக் கவனிங்க, இந்த டயக்னோஸிஸ் பிள்ளைக்கு இல்ல, பண்றவங்களுக்கு. பிள்ளைக்கு நடந்திருக்கிறது கொடுமை, அவ்ளோதான். அதனாலதான் நிறைய டாக்டருங்க இப்போ மெடிக்கல் சைல்ட் அப்யூஸ், அதாவது வைத்தியத்தை வெச்சுப் பிள்ளைக்குப் பண்ற கொடுமைன்னே சொல்றாங்க. ஏன் பண்றாங்க, மனசுல என்ன ஓடுதுங்கிறதெல்லாம் மனநல டாக்டர் பாத்துப்பாரு, பிள்ளையைக் காப்பாத்த அந்தக் காரணம் நமக்குத் தேவையே இல்ல.

மெடோ எழுதின ரெண்டு கேஸையும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அதுலயே மொத்தப் பாடமும் இருக்கு. ஒரு ஆறு வயசுப் பொண்ணு, யூரின்ல ரத்தம் வருதுன்னு 12 தடவை அட்மிஷன், 150 தடவைக்கு மேல யூரின் கல்ச்சர், ஒண்ணும் புரியல. அப்புறம் பாத்தா நர்ஸ் கூடவே நின்னு எடுத்த சாம்பிள் எல்லாம் சுத்தமா இருக்கு, அம்மா கையில கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்த சாம்பிள்ல மட்டும்தான் கோளாறு. இன்னொண்ணு ஒரு சின்னப் பையன், திடீர் திடீர்னு ரத்தத்துல சோடியம் எகிறும், வீட்டுல இருக்கும்போதோ அம்மா பாக்க வர்றப்போவோ மட்டும்தான் எகிறும். உப்பு குடுத்திருக்காங்க. எல்லாம் புரிஞ்சு அடுத்து என்ன பண்ணலாம்னு பேசிட்டு இருக்கும்போதே அந்தப் பையன் செத்துப்போயிட்டான்.

பண்ற விதம் மூணு. சும்மா சொல்றது: இல்லாத ஃபிட்ஸ், இல்லாத வாந்தி, மூச்சு நின்னுச்சுன்னு கதை. கலப்படம் பண்றது: சாம்பிள்ல கை வைக்கிறது, பழைய ரிப்போர்ட்டைத் திருத்துறது. மூணாவது நிஜமாவே உண்டாக்குறது: மருந்தையோ வேற எதையோ குடுத்தோ, மூச்சை அடைச்சோ, ட்ரிப்ஸ் லைன்ல அசுத்தம் கலந்தோ. மூணாவதைக் கேட்டாத்தான் எல்லாரும் பதறுவாங்க. ஆனா வெறுமனே வாயால சொல்ற முதல் வகையே ஒரு பிள்ளையை ஆபரேஷன் டேபிள் வரைக்கும் கொண்டு போயிடும். கத்தியைப் பிடிக்கிறது நல்ல மனசுள்ள ஒரு டாக்டர், ஊசி போடுறது என்னை மாதிரி ஒருத்தி. நாங்க பண்ணினதுதான் அந்த உடம்புல தழும்பா நிக்கும். இதை ஏத்துக்கிறது ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் கஷ்டம், அதனாலயும் லேட் ஆகுது.

சரி, எதைப் பாத்து சந்தேகப்படலாம்? தனியா ஒரே ஒரு அடையாளத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சேர்ந்து சேர்ந்து வரணும். ஒரே ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும்தான் அட்டாக் வருது, அவங்க ரெண்டு நாள் ஊருக்குப் போனா பிள்ளை ஓடியாடி விளையாடுது. டெஸ்ட் ரிசல்ட்டும் சொல்ற கதையும் ஒட்டவே மாட்டேங்குது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் கேக்குற மருந்து இந்தப் பிள்ளைக்கு மட்டும் கேக்கல, இல்லன்னா புதுசா அலர்ஜி வருது. "எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம்"னு சொன்னா முகத்துல நிம்மதி வரணுமில்லையா, அங்க கோவம் வருது, அடுத்த வாரமே வேற ஆஸ்பத்திரி. பழைய ஆஸ்பத்திரிக்கு நாங்களே ஃபோன் போட்டுக் கேக்குறோம்னா வேண்டாங்கிறாங்க. டெஸ்ட்டையும் ட்யூபையும் ஆபரேஷனையும் அவங்களே கேட்டு வாங்குறாங்க. வீட்டுல வேற பிள்ளைக்கும் இதே மாதிரி புரியாத நோய், இல்லன்னா காரணம் தெரியாம ஒரு சாவு, இது ரொம்ப முக்கியம், 2003ல மேரி ஷெரிடன்ங்கிற ஆராய்ச்சியாளர் 451 கேஸைச் சேர்த்துப் பாத்ததுல கூடப் பொறந்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல அதே மாதிரி நோய்க் கதை இருந்திருக்கு, கால்வாசிப் பேர் உயிரோடயே இல்ல.

அப்புறம் பிள்ளையைப் பாருங்க. "வயிறு வலிக்குதாடா கண்ணு?"ன்னு கேட்டா சாதாரணப் பிள்ளை தன் வயித்தைத் தொட்டுப் பாக்கும். இந்தப் பிள்ளை அம்மா முகத்தைப் பாக்கும். என்ன பதில் சொல்லணும்னு அங்க தேடும். ஒருதடவை பாத்தீங்கன்னா மறக்க முடியாது. ஆனா கூச்ச சுபாவம் உள்ள பிள்ளையும் அப்படித்தான் பாக்கும், அதையும் மறந்துராதீங்க.

யார் பண்றாங்கங்கிறதுக்கு ஒரு முகஜாடை வெச்சுக்காதீங்கன்னு நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். 2017ல யேட்ஸ், பாஸ்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 796 கேஸைப் பாத்தாங்க, 95.6 சதவீதம் அம்மாதான், அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா மருத்துவத் துறைல வேலைன்னு சொல்லிக்கிட்டவங்க. ஆனா இது எழுதி வெளிவந்த கேஸோட கணக்கு, பிள்ளைகூட ஆஸ்பத்திரில உக்காந்திருக்கிறதே பெரும்பாலும் அம்மாதானே. நிஜமாவே தீராத நோய் இருக்கிற பிள்ளையோட அம்மாவும் மருந்துப் பேரெல்லாம் தலைகீழா சொல்வாங்க, நாலு டாக்டரைப் பாப்பாங்க, நர்ஸுங்ககூட சிரிச்சுப் பேசுவாங்க, "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா சண்டைக்கும் வருவாங்க. அபூர்வ நோய்ங்க கண்டுபிடிக்கிறதுக்கே சிலசமயம் வருஷக்கணக்குல ஆகும், அந்த வருஷமெல்லாம் அந்த அம்மா பொய் சொல்ற மாதிரிதான் வெளிய தெரியும். பயத்துல கூட்டிச் சொல்றவங்க இருக்காங்க, கூட்டிச் சொன்னாத்தான் டாக்டர் கவனிப்பாருன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, பிள்ளைக்கு நோய் இருக்குன்னு மனசார நம்புற மனநோய்க்காரங்களும் இருக்காங்க, அதெல்லாம் வேற. ஏமாத்துறது இருக்கணும், அதுதான் வித்தியாசம். பணத்துக்காக மட்டும் பிள்ளையை நோயாளியாக்குறதும் வேற கணக்குலதான் வரும், ஆனா பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

தப்பா குற்றம் சாட்டினா என்ன ஆகும்னு தெரியணும்னா இங்கிலாந்துல சாலி க்ளார்க்ங்கிற அம்மாவோட கேஸைப் பாருங்க. ரெண்டு கைக்குழந்தைங்க அடுத்தடுத்து செத்துப்போச்சு, 1999ல அவங்கதான் கொன்னாங்கன்னு தீர்ப்பு. கோர்ட்ல சாட்சி சொன்னது இதே ராய் மெடோ, ஒரே குடும்பத்துல ரெண்டு குழந்தை இயற்கையா அப்படிச் சாக 7 கோடியே 30 லட்சத்துல ஒரு வாய்ப்புதான்னு சொன்னாரு. கணக்கே தப்பு. 2003ல அவங்க விடுதலை ஆனாங்க, 2007ல இறந்துட்டாங்க. இந்த நோயை உலகத்துக்குக் காட்டின அதே ஆள், இல்லாத இடத்துல குற்றத்தைப் பாத்தாரு. அவருக்கே சறுக்கும்னா நானும் நீங்களும் எம்மாத்திரம்.

அதனால நம்ம வேலை தீர்ப்பு சொல்றது இல்ல. எழுதி வைக்கிறது, சரியான ஆள்கிட்ட சேக்குறது, ரெண்டுதான்.

ஒரு சாதாரண நோட்டு எடுங்க. பக்கத்தை நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிங்க. இடது பக்கம் பாத்தது, வலது பக்கம் சொன்னது. ஒவ்வொண்ணுக்கும் தேதி, நேரம், அங்க யார் யார் இருந்தாங்க, யார் சொன்னாங்க. உதாரணத்துக்கு வலது பக்கம்: "செவ்வாய், காலை 8.10, அம்மா ஃபோன்ல சொன்னாங்க, ராத்திரி பூரா வாந்தி, எழுந்திருக்கவே முடியல." இடது பக்கம்: "செவ்வாய், காலை 9.00, ஸ்கூலுக்கு வந்தா, வரிசைல நின்னா, 10.40க்கு டிஃபன் முழுசா சாப்பிட்டா, வாந்தி இல்ல, விளையாடும்போது பாத்தது நானும் பிடி டீச்சரும்." இவ்ளோதான். "அம்மா நடிக்கிறாங்கன்னு தோணுது"ன்னு எழுதாதீங்க, தோணுறதுக்கு அந்த நோட்ல இடமே இல்ல. "பிள்ளை சோர்வா இருந்தா"ங்கிறதுக்குப் பதிலா "ரெண்டு தடவை கூப்பிட்டும் தலை தூக்கல"ன்னு எழுதுங்க. பிள்ளை ஏதாவது சொன்னா அவ வார்த்தையிலயே எழுதுங்க, அழகுபடுத்த வேண்டாம். அன்னன்னைக்கே எழுதுங்க, ஒரு வாரம் கழிச்சு எழுதினா நம்ம மனசு கதைக்கு ஏத்த மாதிரி நேரத்தையெல்லாம் மாத்திடும், இது என் அனுபவம்.

முக்கியமா, உங்க சந்தேகத்துக்கு எதிரா இருக்கிறதையும் எழுதணும். அம்மா இல்லாதப்போ பிள்ளைக்கு நிஜமாவே ஃபிட்ஸ் வந்து நீங்க பாத்தீங்கன்னா அதுதான் அந்த நோட்லயே பெரிய என்ட்ரி, அதை விட்டுட்டு மிச்சத்தைக் கொண்டு போறது அயோக்கியத்தனம். ரெண்டு மூணு வாரம் எழுதினா பாதிச் சந்தேகம் தானா கரைஞ்சு போயிடும், இல்லன்னா வலது பக்கம் நிரம்பி வழியும், இடது பக்கம் வெறுமையா கிடக்கும். ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தோணினா நோட்டு நிரம்புற வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே சொல்லணும்.

நோட்டு எங்க இருக்குன்னு அந்த வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாது. ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு வார்த்தை போடாதீங்க.

இப்போ பண்ணக்கூடாதது. சம்பந்தப்பட்டவங்ககிட்ட நேருக்கு நேர் போய்க் கேட்டுராதீங்க. "எனக்கு எல்லாம் தெரியும்"னு சினிமா வசனம் பேசினா என்ன நடக்கும்னா ஒண்ணு அவங்க பிள்ளையைத் தூக்கிட்டு வேற ஊர் வேற ஆஸ்பத்திரின்னு போயிடுவாங்க, இல்லன்னா பிள்ளைக்கு நிஜமாவே நோய்தான்னு நிரூபிக்கிறதுக்காக இன்னும் மோசமா ஏதாவது பண்ணுவாங்க. ரெண்டாவதுதான் உயிருக்கே ஆபத்து. அதே ஷெரிடன் கணக்குல முதல் அறிகுறியிலிருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் சராசரி 21.8 மாசம் ஆகியிருக்கு, 6 சதவீதப் பிள்ளைங்க செத்துப்போயிருக்காங்க. பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு "அம்மா உனக்கு ஏதாவது குடுக்குறாங்களா"ன்னு துருவாதீங்க, நாளைக்கு முறையான விசாரணை வர்றப்போ அந்தப் பிள்ளை சொல்றதுக்கு மதிப்பில்லாமப் போயிடும், அதோட அன்னைக்கு ராத்திரியே அது அம்மா காதுக்குப் போகும். மருந்தை நீங்களா நிறுத்திப் பாக்காதீங்க, நிஜமான நோயா இருந்தா அந்தப் பழி உங்க மேல. ஒளிச்சு வெச்சு வீடியோ எடுக்காதீங்க. இங்கிலாந்துல டேவிட் சவுத்தால்ங்கிற டாக்டர் ரெண்டு ஆஸ்பத்திரில போலீஸ் கூட சேர்ந்து மறைவா கேமரா வெச்சு 39 பிள்ளைங்களைக் கண்காணிச்சாரு, 33 பிள்ளைங்க விஷயத்துல கொடுமை கேமரால பதிவாச்சு, அதுக்கே பல வருஷம் சண்டை நடந்துச்சு. அங்க கேமரா காட்டுறதை ஒரு ஆள் எந்நேரமும் பாத்துட்டே இருந்தாங்க, ஏதாவது நடந்தா ஓடிப்போய்ப் பிள்ளையைக் காப்பாத்த. வீட்டுல ஃபோனை ஒளிச்சு வெச்சிட்டு நீங்க வெளிய இருந்தா யாரு ஓடுவா?

கண்ணு முன்னாடியே நடக்குதுன்னா மட்டும் கதை வேற. பிள்ளையை அந்த இடத்துலருந்து நகத்துங்க, உடனே டாக்டரையோ எமர்ஜென்சியையோ கூப்பிடுங்க, பாட்டில், சிரிஞ்ச், கப்பு எது இருந்தாலும் கழுவாம அப்படியே வெச்சிருங்க.

யார்கிட்ட சொல்றது? பிள்ளையைத் தொடர்ந்து பாக்குற டாக்டர், ஸ்கூல்னா பிள்ளைங்க பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள், இல்லன்னா உங்க நாட்டுல குழந்தை பாதுகாப்புக்குன்னு இருக்கிற அமைப்பு. டாக்டர், நர்ஸ், டீச்சர் எல்லாம் சந்தேகம் வந்தாலே சொல்லியாகணும்னு நிறைய நாட்டுல சட்டமே இருக்கு, நிரூபிச்சுட்டு வரச்சொல்றதில்ல. சொல்றப்போ நோயோட பேரைச் சொல்லாதீங்க. "இவங்களுக்கு முன்சாசன்"னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவங்க உங்களைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. இப்படிச் சொல்லுங்க: "ஆறு வாரத்துல 11 தடவை வாந்தின்னு சொல்லியிருக்காங்க, அதுல 9 நாள் பிள்ளை எங்ககூட இருந்தா, ஒருதடவைகூட வாந்தி எடுக்கல, போன மாசம் வயித்துல ட்யூப் போடணும்னு பேச்சு வந்திருக்கு, எனக்குக் கவலையா இருக்கு, இதைப் பாருங்க." நோட்டோட காப்பி குடுங்க, ஒரிஜினலை வெச்சுக்கோங்க. சொன்னதுக்கு அப்புறம் அவங்க உங்களுக்கு ஒண்ணும் திருப்பிச் சொல்ல மாட்டாங்க, ரகசியம் காக்கணும், அதுக்காக ஒண்ணும் நடக்கலன்னு நினைச்சுக்காதீங்க. புதுசா ஏதாவது பாத்தா மறுபடி சொல்லுங்க.

ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிறவங்களுக்கு: அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமி 2013ல வெளியிட்ட அறிக்கைல கேக்கச் சொல்றது மூணு கேள்விதான். சொல்ற வரலாறும் அறிகுறியும் நம்புற மாதிரி இருக்கா? தேவையில்லாத, தீங்கு பண்ற வைத்தியம் பிள்ளைக்கு நடக்குதா? நடக்குதுன்னா அதை யார் கேட்டு வாங்குறாங்க? இதுக்குப் பதில் தேட, ஒரு டாக்டர் பொறுப்பெடுத்து எல்லா ஆஸ்பத்திரி ஃபைலையும் ஒண்ணா வாங்கி முதல் பக்கத்துலருந்து படிக்கணும். இது ஒரு ராத்திரி வேலை இல்ல, ஆனா எந்த ஸ்கேனை விடவும் இதுலதான் உண்மை வெளிய வருது. "போன ஆஸ்பத்திரில இதைக் கண்டுபிடிச்சாங்க"ன்னு அம்மா சொன்னதை நாலு டிஸ்சார்ஜ் சம்மரி காப்பி அடிச்சிருக்கும், மூல ரிப்போர்ட்டைப் போய்ப் பாத்தா அப்படி ஒண்ணே இருக்காது. சாம்பிளை ஸ்டாஃப் எடுத்து ஸ்டாஃபே லேபுக்குக் கொண்டு போகணும். ரத்தம்னா அது பிள்ளையோட ரத்தம்தானான்னு பாக்கலாம். சுகர் காரணமில்லாம இறங்கினா அந்த நேரத்துலயே இன்சுலினோட சி-பெப்டைடும் சேர்த்து அனுப்புங்க, உடம்பு சுரக்குற இன்சுலின் கூட சி-பெப்டைடும் வரும், வெளியிலருந்து ஊசில போட்டதுகூட வராது. சார்ட்ல "தாய் கூறியது", "பணியாளர் பார்த்தது"ன்னு தனித்தனியா எழுதுங்க, எங்க சீனியர் சிஸ்டர் அன்னையிலருந்து எங்க எல்லாரையும் எழுத வெச்சது அதைத்தான்.

ஆன்லைன்ல பிள்ளையோட நோய்க் கதையைத் தினமும் போடுற அக்கவுண்ட்டைப் பாத்து உடனே சந்தேகப்படவும் வேண்டாம், கண்ணை மூடிட்டு உருகவும் வேண்டாம். அமெரிக்கால லேஸி ஸ்பியர்ஸ் தன் அஞ்சு வயசு மகனோட நோயைப் பத்தி ஊருக்கே எழுதிட்டு இருந்தாங்க, 2014ல அந்தப் பையன் செத்தான், ஃபீடிங் ட்யூப் வழியா உப்பு குடுத்துக் கொன்னாங்கன்னு 2015ல கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. ஆனா அதே மாதிரி எழுதுற ஆயிரம் பேர் நிஜமாவே தனியா அழுதுட்டு இருக்கிறவங்க.

பிள்ளையைப் பிரிச்சு வெச்சதுக்கு அப்புறம் ஒரு கட்டம் இருக்கு, அதுக்கு யாருமே தயாரா இருக்கிறதில்ல. நீங்க சொந்தக்காரங்கன்னா பிள்ளை உங்க வீட்டுக்கே வரலாம். முதல் வாரம் சந்தோஷமா இருக்கும்னு நினைக்காதீங்க, "அம்மா எப்போ வருவாங்க"ன்னு அழும், அதட்டாதீங்க, அம்மாவைத் திட்டவும் திட்டாதீங்க. தான் நோயாளின்னுதான் அந்தப் பிள்ளை நம்பிட்டு இருக்கும். ஓடினா மயங்கிடுவேன், இதைச் சாப்பிட்டா மூச்சு நின்னுடும்னு பயப்படும். அமெரிக்கால ஜிப்ஸி ரோஸ் ப்ளான்சர்ட் நல்லா நடக்கக்கூடிய பொண்ணு, அம்மா பல வருஷம் வீல்சேர்லயே வெச்சிருந்தாங்க, அந்தக் கதை 2015ல அந்த அம்மா கொலை செய்யப்பட்டதுல போய் முடிஞ்சுது. மருந்தையும் ட்யூபையும் ஒவ்வொண்ணா டாக்டர்தான் நிறுத்தணும், சிலது திடீர்னு நிறுத்துறதே ஆபத்து. வாந்தி வந்தா நாலு பேர் ஓடி வர்ற வீட்டுல வளர்ந்த பிள்ளை அது, அதனால வாந்தி இல்லாத நேரத்துலயும் பக்கத்துல போய் உக்காருங்க. சும்மா உக்காருங்க போதும்.

இதைப் படிக்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ "இது நான்தானே"ன்னு நெஞ்சு அடைச்சா, இன்னைக்கே ஒரு மனநல டாக்டர்கிட்ட போய், நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க, பிள்ளையை இன்னைக்கு ராத்திரி நம்பிக்கையான வேற ஒருத்தர்கிட்ட விடுங்க. விளைவு இருக்கும், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒத்துக்கிறவங்களுக்குத்தான் வைத்தியம் ஆரம்பிக்கவே முடியும்.

சின்ன வயசுல தனக்கு இது நடந்திருக்குமோன்னு சந்தேகப்படுற பெரியவங்களும் இருப்பீங்க. இப்போ எடுத்துட்டு இருக்கிற மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, முதல்ல உங்க பழைய மெடிக்கல் ரெக்கார்டுகளைக் கேட்டு வாங்குங்க, கிடைச்ச வரைக்கும். தனியா உக்காந்து படிக்காதீங்க, நம்பிக்கையான டாக்டரோ நண்பரோ கூட இருக்கட்டும். ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு, யாரோ கண்ணால பாத்து எழுதினதுக்கெல்லாம் ஒரு டிக், அம்மா சொன்னதை எழுதினதுக்கெல்லாம் ஒரு வட்டம்னு முதல் பக்கத்துலருந்து போட்டுட்டே வாங்க.